ஒத்த பொருள் ஆங்கிலச் சொற்களுள் உரியதைத் தேர்தல்

ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும், படிவம் நிரப்பவும், விபத்து அறிக்கை தயாரிக்கவும் வேண்டிய நிலையிலுள்ள தமிழருக்கு இலக்கணப் பிழையால் நேரும் நஷ்டம் சிறிது. இலக்கணம் முற்றும் பொருந்திய வாக்கியத்திலே உரிய சொல் இருக்க வேண்டிய இடத்தில் அதன் அண்டைச் சொல் வந்து அமர்ந்துவிடுவதால் நேரும் நஷ்டமே பெரிது. பிழையான வாக்கியத்தைப் படிப்பவர் எழுதியவரின் கருத்தை எவ்வாறேனும் ஊகித்துக்கொள்வார். பிழையற்ற வாக்கியத்தில் பிசகிய சொல்லைக் கண்டால், எழுதியவர் கருதியதே அதுவென்று கொண்டு, அதன்படியே காரியம் செய்துவிடுவார். இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் நம் பிரதேசத்திலோ, அத்தகைய காரியங்கள் பணத்தையும் வேலையையும் சிற்சில வேளைகளில் உயிரையும் தொடுவனவாக இருக்கின்றன. ஆகவே, தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்கிலோ கன்டெய்னர் யார்டிலோ கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸிலோ வேலைக்குச் சேரும் இளைஞரை மனத்திற்கொண்டு, அவர் அன்றாடம் கையாளும் சொற்களையே உதாரணமாக வைத்து இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது.

தமிழ் மரபு காட்டும் வழி

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வழங்குவது தமிழருக்குப் புதிதன்று. திவாகரமும் பிங்கலமும் மண்டலபுருடரின் சூடாமணியும் ஆகிய நிகண்டுகள், ஒரு பொருளுக்குரிய பெயர்களையெல்லாம் ஒருங்கே தொகுத்து மனப்பாடம் செய்வதற்கேற்பப் பாட்டாகவே அமைத்துத் தந்திருக்கின்றன. ஆயினும், சொற்கள் எத்தனை என்று நிகண்டு கூறுமேயன்றி, அவற்றுள் எதனை எங்கே ஆளுவது என்று கூறாது. அதற்குத் தொல்காப்பியத்தையே நாடவேண்டும். சொல்லதிகாரத்தின் எச்சவியலில், ஒருவர் மற்றொருவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுமிடத்து, தாழ்ந்த நிலையில் நின்று கேட்பவர் 'ஈ' என்றும், ஒத்த நிலையினர் 'தா' என்றும், உயர்ந்த நிலையினர் 'கொடு' என்றும் கூறுவது மரபு என ஆசிரியர் வகுத்துள்ளார். மூன்றும் ஒரே செயலைக் குறிப்பனவே. எனினும் யார் யாரிடம் நின்று பேசுகிறார் என்பதைக் கொண்டு மூன்றும் வேறாகின்றன. சொல்லின் அர்த்தத்தை மட்டும் நோக்காமல், அது வழங்கும் சந்தர்ப்பத்தையும் நோக்கவேண்டும் என்ற இந்த விதி, ஆங்கிலத்திற்கும் அவ்வாறே பொருந்தும்.

ஆங்கிலத்தில் ஒத்த சொற்கள் பெருகிய காரணம்

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சி செலுத்த, வயலிலும் வீட்டிலும் பழைய ஸாக்ஸன் மொழியே நிலைத்திருக்க, தேவாலயத்தின் வழியாகவும் கல்வியின் வழியாகவும் லத்தீன் வந்து சேர, ஒரே கருத்திற்கு மூன்று அடுக்குச் சொற்கள் ஆங்கிலத்தில் அமைந்துவிட்டன. 'ஆஸ்க்' என்பது வீட்டுச் சொல். 'கொஸ்சன்' என்பது பிரெஞ்சின் வழி வந்தது. 'இன்டராகேட்' என்பது லத்தீனிலிருந்து பெறப்பட்டது. மூன்றும் கேட்டலையே குறிக்கும். ஆனால், குழந்தை தாயை 'ஆஸ்க்' செய்யும்; விசாரணைக் குழு சாட்சியைக் 'கொஸ்சன்' செய்யும்; காவல்துறை கைதியை 'இன்டராகேட்' செய்யும். 'பிகின், காமென்ஸ், இனிஷியேட்' என்பனவும், 'எண்ட், ஃபினிஷ், டெர்மினேட்' என்பனவும் இவ்வாறே அடுக்கடுக்காக அமைந்தவை.

ஃபௌலர் சகோதரர்கள் 1906-இல் வெளியிட்ட 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' என்னும் நூலில், லத்தீன் வழிச் சொல்லினும் ஸாக்ஸன் சொல்லையே விரும்பி ஆளுக என்று போதித்தார்கள். பொதுவான எழுத்துக்கு அது நல்ல விதியே. கல்விச் செருக்கைக் காட்டுவதற்காக நீண்ட சொல்லைத் தேடும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி. 'பை' என்று எழுதினால் போதுமான இடத்தில் 'பர்ச்சேஸ்' என்றும், 'சென்ட்' போதுமான இடத்தில் 'டெஸ்பாட்ச்' என்றும் எழுதுவது அப்பழக்கத்தின் விளைவே. ஆனால், சட்டமும் தொழிலும் ஒரு சொல்லைப் பிடித்து அதற்குத் தனி எல்லை வகுத்துவிட்ட இடத்தில் இவ்விதி செல்லாது. அங்கே நீண்ட சொல் அலங்காரமன்று, வரையறையாகும்.

இனி, இரு சொற்களிடையே ஐயம் தோன்றும்போது எழுதுபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் ஐந்தினைக் கிரமமாகக் காண்போம்.

முதல் வினா: யார், யாருக்கு எழுதுகிறார்?

தொல்காப்பியர் கூறிய 'ஈ, தா, கொடு' என்னும் பாகுபாட்டிற்கு நேர் உதாரணம் ஆபீஸ் ஆங்கிலத்திலேயே உண்டு. விண்ணப்பம் செய்பவர் தம் சான்றிதழ்களை ஆபீஸுக்குச் 'சப்மிட்' செய்கிறார். விவரம் வேண்டுமென்று ஆபீஸ் அவருக்கு எழுதும்போது, அவற்றை 'ஃபர்னிஷ்' செய்யும்படி பணிக்கிறது. நண்பருக்கு நண்பர் வெறுமனே 'கிவ்' செய்கிறார். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில், 'விவரங்களை ஃபர்னிஷ் செய்யவும்' என்று எழுதும் இளநிலை எழுத்தர், தாம் அறியாமலே அவருக்கு ஆணையிட்டவராகிறார்.

'ரிக்வெஸ்ட்', 'டிமாண்ட்' என்னும் இரண்டினுக்கும் தமிழில் 'கோரிக்கை' என்ற ஒரே சொல்லை வழங்கி வருகிறோமாதலின், இவற்றிடையே மயக்கம் நேர்வது இயல்பு. கேட்பவர் மறுக்கப்படலாம் என்பதை ஒப்புக்கொண்டு கேட்பது 'ரிக்வெஸ்ட்'. தமக்கு உரிமையுண்டு என்று கொண்டு கேட்பது 'டிமாண்ட்'. விடுமுறை வேண்டுவோர் எழுதுவது முன்னது. தொழிற்சங்கம் நிர்வாகத்திடம் கொடுக்கும் 'சார்ட்டர் ஆஃப் டிமாண்ட்ஸ்' பின்னது. மாநகராட்சி சொத்துவரிக்காக அனுப்பும் 'டிமாண்ட் நோட்டீஸ்' என்பதும் பின்னதே. சங்கத்தின் கடிதத்தில் 'ரிக்வெஸ்ட்' என்று எழுதுவது பணிவாகத் தோன்றினும், உரிமையைச் சலுகையாகச் சுருக்கிவிடும்; விடுமுறை விண்ணப்பத்தில் 'டிமாண்ட்' என்று எழுதுவது, நியாயமான காரணத்தையும் ஆக்ஷேபத்திற்குரியதாக்கிவிடும்.

இரண்டாம் வினா: எந்தத் துறையில் வழங்குகிறது?

தமிழில் 'துறைமுகம்' என்று ஒன்றாகச் சொல்லும் பொருளை ஆங்கிலம் 'போர்ட்' என்றும் 'ஹார்பர்' என்றும் பிரித்துச் சொல்லும். வாணிபம் நடக்கும் இடமும், அதை நடத்தும் ஸ்தாபனமும் 'போர்ட்'; அலைகளினின்று கப்பல்களுக்குக் காப்பளிக்கும் நீர்ப்பரப்பு 'ஹார்பர்'. இந்த வேறுபாட்டைச் சென்னையின் சரித்திரமே விளக்கிக் காட்டுகிறது. 1639-இல் ஆங்கிலேயர் இங்கே குடியேறிய காலந்தொட்டு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக, திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சரக்கையும் மனிதரையும் சுமந்து வந்தன. அக்காலமெல்லாம் சென்னை ஒரு 'போர்ட்' ஆக இருந்ததேயன்றி, 'ஹார்பர்' அதற்கு இருந்ததில்லை. 1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் 'பியர்' ஒன்று அமைந்தது. 1875-இல் அலைதடுப்புச் சுவர்களால் ஆன 'ஹார்பர்' கட்டத் தொடங்கி, 1881-இன் புயலில் அது பெருஞ்சேதமுற்று, மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. காசிமேட்டை 'ஃபிஷிங் ஹார்பர்' என்று கூறுவதும், எண்ணூரில் 2001-இல் இயங்கத் தொடங்கிய ஸ்தாபனத்தைக் 'காமராஜர் போர்ட்' என்று கூறுவதும் இவ்வேறுபாட்டிற்கு ஒத்தனவே.

'பியர், வார்ஃப், கீ, ஜெட்டி, பெர்த்' என்பவற்றைச் சுருக்கமாகக் கூறி மேற்செல்வோம். கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு செல்வது 'பியர்'. அவ்வாறு நீளும் சிறிய அமைப்பு 'ஜெட்டி'. கரையோடு ஒட்டிக் கெட்டியாகக் கட்டப்பட்ட மேடை 'கீ'. சரக்கு ஏற்றி இறக்கும் இடம் எதுவாயினும் அதற்குப் பொதுப்பெயர் 'வார்ஃப்'. ஒரு கப்பல் நிற்பதற்கென ஒதுக்கப்பட்ட இடம் 'பெர்த்'.

'கார்கோ, குட்ஸ், ஃப்ரெய்ட்' என்னும் மூன்றிலே சற்று நிதானிக்கவேண்டும். கப்பலிலோ விமானத்திலோ ஏறிய சரக்கு 'கார்கோ'. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதற்குப் பின்னர் வேரூன்றிய ரயில்வே வழக்கில், சரக்கு 'குட்ஸ்' எனப்பட்டது. 'குட்ஸ் ஷெட்', 'குட்ஸ் ட்ரெயின்' என்பன அவ்வழிப் பிறந்தவை. 'ஃப்ரெய்ட்' என்பது சரக்கையும் குறிக்கும். சரக்கை ஏற்றிச் செல்வதற்கான கூலியையும் குறிக்கும். கப்பல் வாணிபத்தில் இரண்டாவது பொருளே தலைமையானது. 'ஃப்ரெய்ட் ப்ரீபெய்ட்' என்று பில் ஆஃப் லேடிங்கில் கண்டால், கூலி முன்னரே செலுத்தப்பட்டது என்று கொள்ளவேண்டும். ஆதலின், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் சரக்கு நஷ்டத்தைக் குறிக்கும்போது, 'கார்கோ' என்றே எழுதுக. 'ஃப்ரெய்ட்' நஷ்டம் என்று எழுதினால், கூலி வருமானத்தை இழந்த கப்பல் சொந்தக்காரரின் கோரிக்கையாக அது பொருள்பட்டுவிடும்.

மூன்றாம் வினா: இச்சொல்லால் யார் பணம் கொடுக்கக் கடவர்?

வடசென்னையில் 'டெமரேஜ்' என்ற சொல்லைக் கேளாத சரக்கு ஆபீஸ் இல்லை. தாமதத்திற்காகக் கட்டும் எந்தத் தொகையையும் அப்பெயராலேயே அழைத்துவிடுகிறோம். ஆனால், தாமதம் எந்த இடத்தில், எந்தப் பொருளின்மேல் நேர்ந்தது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். பெயர் மாறினால் பணம் செல்லும் இடமும் மாறும். ரயில்வேயில், வாகனை ஏற்றவோ இறக்கவோ அளிக்கப்பட்ட இலவச நேரத்திற்கு மேல் அதனை நிறுத்தி வைத்தால் கட்டுவது 'டெமரேஜ்'. இறக்கிய சரக்கை ரயில்வே எல்லையினின்று அகற்றாமல் கிடக்கவிட்டால் கட்டுவது 'வார்ஃபேஜ்'. முன்னது வாகனுக்கு, பின்னது இடத்திற்கு. கன்டெய்னர் வாணிபத்திலோ, இறக்குமதியான பெட்டியைத் துறைமுக முனையத்தினின்று உரிய நாளுக்குள் எடுக்காவிடில் அது 'டெமரேஜ்'. வெளியே எடுத்துச் சென்ற கன்டெய்னரைக் காலிசெய்து உரிய நாளுக்குள் கப்பல் கம்பெனிக்குத் திருப்பிவிடாவிடில் அது 'டிடென்ஷன்'. மணலியில் ஒரு கிடங்கில் பெட்டி நின்றதற்காக வந்த பில்லில் 'டெமரேஜ்' என்றிருந்தால், அதனைக் கட்டுமுன் கேள்வி எழுப்புவது எழுத்தரின் கடமை.

பணத்தினும் பெரிதாகிய பிழைப்பைத் தொடும் சொற்கள், வேலை நிற்பதையும் வேலை போவதையும் குறிப்பவை. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றி, பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் அதனை வளர்த்த காலத்திலிருந்தே 'ஸ்ட்ரைக்', 'லாக்-அவுட்' என்னும் இரண்டும் வடசென்னையின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன. வேலை செய்ய மறுப்பவர் தொழிலாளராயின் 'ஸ்ட்ரைக்'. வேலை கொடுக்க மறுப்பவர் முதலாளியாயின் 'லாக்-அவுட்'. வாயில் மூடிக்கிடப்பதை மட்டும் பார்த்து எழுதுபவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடும். மூடியவர் யார் என்று விசாரித்து எழுதுபவர் குழம்பமாட்டார்.

'லாக்-அவுட்' தற்காலிகமானது, ஆலையையோ அதன் ஒரு பகுதியையோ நிரந்தரமாக மூடுவது 'க்ளோஷர்'. இவ்வாறே, 'லே-ஆஃப்', 'ரெட்ரெஞ்ச்மென்ட்' என்னும் இரண்டும் நம் பத்திரிகைகளில் 'ஆட்குறைப்பு' என்ற ஒரே சொல்லால் எழுதப்பட்டபோதிலும், 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் அவற்றிடையே ஆழமான கோடு கிழித்திருந்தது. நிலக்கரியோ மின்சாரமோ கச்சாப்பொருளோ குறைந்ததனாலும், சரக்கு தேங்கியதனாலும், இயந்திரம் பழுதானதனாலும், இவை போன்ற பிற காரணங்களாலும் முதலாளி வேலை கொடுக்க இயலாது நிற்க, தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில் நிலைத்திருக்குமாயின், அது 'லே-ஆஃப்'; உறவு அறுபடவில்லை; அந்நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியை ஈடாக அச்சட்டம் விதித்தது. தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்தால் வேலையினின்று நீக்குவது 'ரெட்ரெஞ்ச்மென்ட்', உறவு அறுபட்டது, அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளமும் ஈடாக விதிக்கப்பட்டன. அமெரிக்கப் பத்திரிகைகளில் 'லே-ஆஃப்' என்று படிப்பது பெரும்பாலும் வேலை போய்விட்டதையே குறிக்கும். அப்பழக்கத்தில், அம்பத்தூரிலோ திருவொற்றியூரிலோ மூன்று நாள் வேலையின்றி நின்ற தொழிலாளி, தாம் நீக்கப்பட்டதாக மனு எழுதிவிடலாகாது.

'டிஸ்சார்ஜ்', 'டிஸ்மிஸல்' என்பவற்றையும் ஈண்டே அறிந்துகொள்க. குற்றஞ்சாட்டி, விசாரித்து, தண்டனையாக வெளியேற்றுவது 'டிஸ்மிஸல்'. குற்றம் சுமத்தாது வேலையை முடித்துவிடுவது பொதுவாக 'டிஸ்சார்ஜ்'. 1965-இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட 2-ஏ பிரிவு, 'டிஸ்சார்ஜ், டிஸ்மிஸ், ரெட்ரெஞ்ச்' என்னும் மூன்றையும் தனித்தனியே கூறி, 'வேறு எவ்வகையிலேனும் டெர்மினேட் செய்தல்' என்று நான்காவதையும் அவற்றோடு சேர்த்தது. சொற்கள் யாவும் ஒன்றாயின், சட்டம் எழுதியோர் நான்கை வைத்திருக்கமாட்டார்கள். இடத்துக்கு இடம் பொருள் மாறும் தன்மைக்கும் 'டிஸ்சார்ஜ்' நல்ல உதாரணம்: துறைமுகத்தில் அது கப்பலினின்று சரக்கிறக்குதல்; ஆலையின் சுற்றுச்சூழல் படிவத்தில் அது கழிவுநீரை வெளிவிடுதல்; தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் அது குணமானவரை வீட்டுக்கு அனுப்புதல்.

நான்காம் வினா: எவ்வாறு நிகழ்ந்தது?

தமிழ்ச் செய்திகளில் 'எண்ணெய்க் கசிவு' என்ற ஒரே தொடர் பலவகை நிகழ்ச்சிகளைத் தாங்குகிறது. ஆங்கில அறிக்கை எழுதுபவர் அவற்றைப் பிரித்தாகவேண்டும். குழாயிலோ தொட்டியிலோ ஏற்பட்ட துளையின் வழியாக உள்ளிருப்பது வெளியேறுதல் 'லீக்'. வெளியேறியது நிலத்திலோ நீரிலோ பரவிக் கிடத்தல் 'ஸ்பில்'. மண்ணின் வழியே மெல்ல ஊறிச் செல்லுதல் 'ஸீபேஜ்'. வேண்டுமென்றே வாய்க்கால் வழியாக வெளிவிடுதல் 'டிஸ்சார்ஜ்'. 2013-இல் தண்டையார்பேட்டையின் சில தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் கலந்து வந்தபோது, கண்ணுக்குத் தெரியாத நிலத்தடிக் குழாயின் 'லீக்' பற்றியே ஆராய வேண்டியதாயிற்று. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர்க் கடலில் நிகழ்ந்ததோ, இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கடலில் பரவிய 'ஸ்பில்'. 'லீக்' என்று எழுதினால், அடைக்க வேண்டிய துளை எங்கே என்பது முதற்கேள்வியாகும். 'ஸ்பில்' என்று எழுதினால், எவ்வளவு பரப்பு, எத்திசைக் காற்று என்பனவே முதற்கேள்விகளாகும். இரண்டும் ஒருங்கே நிகழுமாயின் இரண்டையும் எழுதுக. ஒன்றை எழுதி மற்றதை ஊகத்துக்கு விடலாகாது.

அக்கப்பல்களுள் 'பி. டபிள்யூ. மேப்பிள்' துறைமுகத்தினின்று வெளிச்சென்றது. 'டான் காஞ்சிபுரம்' உள்வந்தது. ஓடும் கப்பல் இரண்டு மோதுவது 'கொலிஷன்' ஆதலின், அந்நிகழ்ச்சிக்கு அச்சொல்லே உரியது. ஓடும் கப்பல் அசையாத பொருளின்மேல், அதாவது பாலத்தின்மேலோ வார்ஃபின்மேலோ சென்று முட்டுவதைக் கடற்சட்ட நூல்கள் 'அலிஷன்' என்று வேறாக வழங்குவதுண்டு. அசையாத பொருள் தானாக வந்து முட்டாதாகையால், பிழை கப்பலினுடையதே என்ற ஊகத்தோடு விசாரணை தொடங்கும். ஒரே எழுத்து வேறுபாட்டில் நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறுகிறது.

ஐந்தாம் வினா: பிசகினால் உயிருக்கு அபாயம் உண்டா?

எண்ணெய் லாரிகளின் பின்புறத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தே இப்பகுதிச் சிறுவர்கள் வளர்கிறார்கள். 'இன்' என்னும் முன்னொட்டு 'இன்விஸிபிள்', 'இன்கரெக்ட்' முதலியவற்றில் எதிர்மறைப் பொருள் தருவதை அறிந்தவர், 'இன்ஃப்ளேமபிள்' என்பதைத் தீப்பற்றாதது என்று கொள்ள இடமுண்டு. இச்சொல்லில் உள்ள 'இன்' எதிர்மறையன்று. லத்தீனில் 'தீயுள் ஆக்கு' என்னும் பொருள்படும் வினையினின்று வந்தது. ஆகவே, 'இன்ஃப்ளேமபிள்', 'ஃப்ளேமபிள்' ஆகிய இரண்டும் எளிதில் தீப்பற்றுவது என்ற ஒரே பொருளையே தரும், தீப்பற்றாதது 'நான்-ஃப்ளேமபிள்'. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 'இன்ஃப்ளேமபிள்' என்றே எழுதின. பாமரரும் மயங்காதிருக்க வேண்டுமென்று அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பினர் 'ஃப்ளேமபிள்' என்ற வடிவத்தையே பரப்பினர். எச்சரிக்கைப் பலகைகளில் இன்று அது பரவிவருகிறது. எனவே, சட்டத்தை எடுத்துக்காட்டும்போது சட்டத்தின் சொல்லையும், பலகை எழுதும்போது 'ஃப்ளேமபிள்' என்பதையும் ஆளுக. 'கம்பஸ்டிபிள்' என்பது வேறு. எரியக்கூடியது ஆயினும் பெட்ரோலைப்போல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிப் பற்றிக்கொள்ளாத பொருள்களுக்கு அது வழங்கும்.

'எம்ப்டி' என்ற எளிய சொல் எவ்வளவு அபாயமுடையது என்பதை, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியொன்றில் உத்தியோகம் பார்த்த மொழியியல் அறிஞர் பெஞ்சமின் லீ வோர்ஃப் எடுத்துக்காட்டினார். பெட்ரோல் நிறைந்த டிரம்களின் அருகே ஜாக்கிரதையாக நடந்துகொள்பவர்களே, 'எம்ப்டி' என்று எழுதிய டிரம்களின் அருகே அலட்சியமாகப் புகைபிடிப்பதை அவர் கண்டார். திரவம் தீர்ந்த டிரம்மில் ஆவி நிறைந்திருக்குமாதலின், நிறைந்த டிரம்மினும் அதுவே கொடியது. திரவம் இல்லை என்பதற்கு 'எம்ப்டி' பொருந்தும். ஆவியும் அகற்றப்பட்டு, சோதித்துச் சான்றளிக்கப்பட்டது என்பதற்குக் 'கேஸ்-ஃப்ரீ' என்பதே உரிய சொல். வெல்டிங் வேலைக்கு அனுமதிச் சீட்டு எழுதுபவர் முன்னதை எழுதிப் பின்னதைக் கருதுவாராயின், அதனால் வரும் அனர்த்தத்தை எந்த அகராதியும் தடுக்காது.

'ஸேஃப்டி', 'செக்யூரிட்டி' என்னும் இரண்டையும் 'பாதுகாப்பு' என்றே தமிழாக்கி வருகிறோம். எதிர்பாராத விபத்தினின்று காப்பது முன்னது. திருட்டு, நாசவேலை முதலிய மனிதரின் தீய நோக்கத்தினின்று காப்பது பின்னது. டைட்டானிக் கப்பல் 1912-இல் மூழ்கியதன் விளைவாக 1914-இல் உருவான சர்வதேச உடன்படிக்கை, கடலில் உயிர்களின் 'ஸேஃப்டி' பற்றியது. 2004 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த கப்பல், துறைமுக விதித்தொகுதி 'செக்யூரிட்டி' பற்றியது. தலைக்கவசம் அணியாதவரைத் தடுப்பவர் ஸேஃப்டி ஆபீஸர். அடையாள அட்டை இல்லாதவரைத் தடுப்பவர் செக்யூரிட்டி கார்டு.

'ஹஸார்டு', 'ரிஸ்க்' என்பனவும் இவ்வகையின. தீங்கு செய்யும் ஆற்றல் ஒரு பொருளில் இருப்பது 'ஹஸார்டு'. அத்தீங்கு ஒருவருக்கு நேர்வதற்குரிய வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்தது 'ரிஸ்க்'. அமோனியா என்றும் 'ஹஸார்டு'. அதன் குழாய் பழுதின்றி இருந்தால் ஊருக்கு 'ரிஸ்க்' குறைவு, பராமரிப்பு தளர்ந்தால் மிகுதி. 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அமோனியா வெளிப்பட்டு மக்கள் மூச்சுத்திணறி வீடுகளைவிட்டு ஓடியபோது, 'ஹஸார்டு' முன்பிருந்ததே, மாறியது 'ரிஸ்க்'.

அகராதியை நாடும் முறை

பீட்டர் மார்க் ரோஜெட் 1852-இல் வெளியிட்ட 'தெஸாரஸ்' நம் நிகண்டுக்கு ஒப்பானது. மறந்த சொல்லை நினைவூட்டும், ஆனால் தேர்ந்து தராது. ஜார்ஜ் கிராப் 1816-இலேயே ஒத்த சொற்களின் வேறுபாட்டை விளக்கி நூல் எழுதினார். அவ்வகை விளக்கம் தற்கால ஆங்கில–ஆங்கில அகராதிகள் பலவற்றில் சொல்லின் கீழேயே தரப்படுகிறது. எனவே, சொல்லைத் தேடத் தெஸாரஸையும், சொல்லை நிர்ணயிக்க உதாரண வாக்கியங்கள் மிகுந்த ஆங்கில–ஆங்கில அகராதியையும் நாடுக. ஆங்கில–தமிழ் அகராதியை மட்டும் நம்பினால், மேலே கண்ட 'பாதுகாப்பு', 'கசிவு', 'ஆட்குறைப்பு' என்பவற்றின்கீழ் வேறுபட்ட சொற்கள் ஒன்றாகிவிடும். சட்டம் சம்பந்தப்பட்ட சொல்லாயின், அகராதிக்கு முன்னர் அச்சட்டத்தின் வரையறைப் பிரிவைப் பார்ப்பதே முறை.

பயிற்சி

கீழ்க்காணும் சந்தர்ப்பங்களுக்கு உரிய சொல்லைத் தேர்க.

1. கொருக்குப்பேட்டைக் கிடங்கில் காலியான கன்டெய்னர், உரிய நாளுக்குப்பின் கப்பல் கம்பெனிக்குத் திருப்பப்பட்டது. கட்டவேண்டியது டெமரேஜா, டிடென்ஷனா?

2. இழுவைப் படகு அலைதடுப்புச் சுவரில் முட்டியது. கொலிஷனா, அலிஷனா?

3. இயந்திரம் பழுதாகி நான்கு நாள் வேலையில்லை. பெயர் மஸ்டர் ரோலில் உள்ளது. லே-ஆஃபா, ரெட்ரெஞ்ச்மென்டா?

4. கிடங்கின் படிக்கட்டில் எண்ணெய் வழுக்கி ஒருவர் விழுந்தார். அறிக்கை ஸேஃப்டி பிரிவுக்கா, செக்யூரிட்டி பிரிவுக்கா?

5. போனஸ் வேண்டிச் சங்கம் எழுதும் கடிதத்திற்கு ரிக்வெஸ்டா, டிமாண்டா?

விடைகள்: 1. டிடென்ஷன். 2. அலிஷன். 3. லே-ஆஃப். 4. ஸேஃப்டி, எண்ணெயை வேண்டுமென்றே ஊற்றினார்கள் என்ற சந்தேகம் இருப்பின் செக்யூரிட்டிக்கும் ஒரு பிரதி. 5. சட்டப்படி சேரவேண்டிய போனஸாயின் டிமாண்ட். அதற்கு மேல் நிர்வாகத்தின் தயவால் வேண்டுவதாயின் ரிக்வெஸ்ட்.

வாசகர் இவ்வைந்து வினாக்களையும் எல்லாச் சொற்களுக்கும் கேட்டு அல்லலுற வேண்டுவதில்லை. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் எந்தச் சொல் விழுந்தாலும் நட்பு காத்துக்கொள்ளும். கையெழுத்திட்டு அனுப்பும் ஒவ்வொரு காகிதத்திலும், பணத்தையோ வேலையையோ உயிரையோ தொடும் சொல் எது என்று கண்டு, அந்த ஒரு சொல்லின்முன் மட்டும் பேனாவை நிறுத்தி யோசிக்கும் பழக்கத்தை இன்றே மேற்கொள்ளுங்கள். மற்றவை காலப்போக்கில் கைவரும்.